அந்த வைட்டமின் டி மாத்திரையை இன்றே நிறுத்து

கும்பகோணம்
20.6.2021

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தத்தித் தத்தி நடக்கிறாள் என்று படித்ததும் சரோஜாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நாங்கள் சுகம். நம் தஞ்சை மாவட்டத்தில்தான் ஊரடங்குத் தளர்வு இன்னும் குறைவு.

ஆனால் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நேற்று இரண்டு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எதிர்ப்புச் சக்திக்காக வைட்டமின் சி, ஜிங்க், கூடவே டி 60,000 யூனிட், எல்லாமே தினமுமா? அந்த டி வாரத்துக்கு ஒன்று போடுகிற மாத்திரை. அதுவும் டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மட்டும்.

சரோஜாவின் அண்ணன் போன வருஷம் இதையேதான் செய்தார். முதலில் மலச்சிக்கல், அப்புறம் தீராத தாகம், வாந்தி. ஒருநாள் பெற்ற மகளையே யாரென்று கேட்டார். ரத்தத்தில் கால்சியம் ஏறி, கிட்னி வரை பாதித்துவிட்டது. சி மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். டி கொழுப்பில் சேர்ந்துகொள்ளும். நிறுத்தினாலும் இறங்க மாதக்கணக்காகும்.

ஜிங்க்கும் சியும் காப்பாற்றும் என்கிறாய். அமெரிக்காவில் வீட்டிலிருந்த கொரோனா நோயாளிகள் 214 பேரை வைத்து, இரண்டையும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். போன பிப்ரவரியில் முடிவு வெளியானது. ஜிங்க் நெடுநாள் மிஞ்சினால் உடம்பில் தாமிரச் சத்து குறைந்து ரத்தசோகை வரும்.

எதிர்ப்புச் சக்தி ஏற ஏற நல்லது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். வென்டிலேட்டரில் கிடந்தவர்களின் சாவைக் குறைத்த மருந்து எது தெரியுமா? டெக்ஸாமெத்தசோன். எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டு அது! நோய் முற்றும்போது அந்தச் சக்தியே கட்டுமீறி நுரையீரலைத் தாக்குகிறது. அதற்காக அந்த மருந்தை வாங்கி வைத்துவிடாதே. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அதில் பலனில்லை, உன் சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

இத்தனை மாத்திரை பற்றி எழுதினாயே, தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை உண்டா? அறுபது தாண்டிய நமக்கு மார்ச்சிலிருந்தே போடுகிறார்கள். நாங்கள் இருவரும் கோவிஷீல்டு இரண்டு தவணையும் போட்டாயிற்று. ஒருநாள் காய்ச்சல், கை வலி, அவ்வளவுதான்.

நாளைக் காலையே லேபுக்குப் போய் கால்சியமும், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடு. ரிசல்ட் வந்ததும் கமலாவை விட்டாவது போன் பண்ணச் சொல். காத்திருப்பேன்.

அன்புடன்,
சேது