பாக்கி வேறு, கையாடல் வேறு

மாப்ள,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, பழையபடி அதிகாரம் தூள் பறக்கிறது.

உன் அத்தியாயத்தை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு, ‘இந்தியர்’ என்று தான் அழைத்த பூர்வகுடிகளுக்குப் பணமும் பொருளும் பட்டுவாடா செய்ய டகோட்டாவில் வைத்திருந்த ஏஜென்ட்டின் பெயரில் கருவூலப் பேரேட்டில் பாக்கி நிற்கிறது, ஆகவே கையாடினார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் புத்தி உன்னைவிட்டு இன்னும் போகவில்லையடா! அந்தப் பாக்கிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கொடுத்த பணத்தில் அவ்வளவுக்கு வாஷிங்டன் இன்னும் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை.

பணம் எப்படிப் போய் வந்தது என்று பார். ஏஜென்ட் ஜாமீன் பத்திரம் கொடுத்துத்தான் வேலையில் சேர்வார். அவருக்கு அனுப்பிய ஒவ்வொரு டாலரும் அவர் தலையில் பற்றாக ஏறும். காலாண்டுக்கு ஒருமுறை வவுச்சர்களோடு கணக்கு அனுப்புவார். முதலில் இந்தியர் விவகார அலுவலகம் பார்க்கும். அடுத்து கருவூலத்தின் இரண்டாம் ஆடிட்டர், அவருக்கு மேல் இரண்டாம் கம்ப்ட்ரோலர், அதாவது கணக்கை இறுதியாக முடிவு செய்யும் அதிகாரி. 1894இல் அந்த அமைப்பை மாற்றும்வரை இதுதான் வழி. ஒத்துவராத இனங்களைத் தனித்தாளில் எழுதி ஏஜென்ட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள். நம்ம ஊர் தணிக்கைத் தடை மாதிரிதான். அதில் நிறுத்திவைத்த தொகை வேறு, செலவாக ஏற்க முடியாது என்று தள்ளுபடி செய்த தொகை வேறு. நிறுத்திவைத்ததற்கு ஒரு சான்றோ விளக்கமோ வந்தால் போதும், பாக்கி இறங்கிவிடும். நீ இரண்டையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறாய்.

தடை எதற்கெல்லாம் விழும் தெரியுமா? ஒரு தலைப்பில் ஒதுக்கிய பணத்தை வேறு தலைப்பில் செலவழித்தால் விழும். மாவு வாங்க வந்த பணத்தில் கொல்லனுக்குச் சம்பளம் கொடுத்தால், கொல்லன் வேலை செய்ததும் அவன் கைக்குப் பணம் போனதும் உண்மையாகவே இருந்தாலும் சட்டம் ஏற்காது. டெண்டர் விளம்பரம் இல்லாமல் கடையில் வாங்கினால் அவசரத் தேவை என்று சான்று வேண்டும். எழுதத் தெரியாதவர் போட்ட கீறலுக்குச் சாட்சிக் கையெழுத்து இல்லையென்றால் அந்த வவுச்சர் நிற்காது. பதவி மாறும்போது போர்வை, கலப்பை, கோடரி எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்து, அடுத்தவரிடம் ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீது கிடைக்காவிட்டால் பொருள் முழுக்க பழைய ஏஜென்ட் பொறுப்பிலேயே நிற்கும். பணக் கணக்கும் பொருள் கணக்கும் தனித்தனி என்பதை மறக்காதே.

மாட்டுக் கணக்கில்தான் நீ அதிகம் தடுமாறியிருக்கிறாய். சூ என்ற பூர்வகுடி மக்களோடு போட்டு 1877இல் சட்டமான ஒப்பந்தப்படி ஒரு ரேஷனுக்கு, அதாவது ஒரு ஆளின் ஒரு நாள் பங்குக்கு, ஒன்றரை பவுண்டு மாட்டிறைச்சி, அரை பவுண்டு மாவு, அரை பவுண்டு சோளம். நூறு ரேஷனுக்கு 4 பவுண்டு காபி, 8 பவுண்டு சர்க்கரை, 3 பவுண்டு பீன்ஸ். ஆயிரம் பேருக்கு ஒரு வாரம் என்றால் 7,000 ரேஷன், இறைச்சி மட்டும் 10,500 பவுண்டு. உயிர் எடையில் பாதி இறைச்சி என்று வைத்துக்கொண்டால் 21,000 பவுண்டுக்கு மாடு வேண்டும். ஆயிரம் பவுண்டு மாடென்றால் 21 தலை. அதே மாடுகளை அக்டோபரில் எடை போட்டு வாங்கி, டகோட்டாக் குளிரில் நிறுத்தி, பிப்ரவரியில் கொடுத்தால் எடை இறங்கியிருக்கும். தலைக்கு 800 பவுண்டுதான் தேறினால் 27 மாடு வெட்ட வேண்டும். நூறு மாட்டை வரவு வைத்த புத்தகத்தில் 20,000 பவுண்டு காணாமல் போயிருக்கும்! யாரும் திருடவில்லை, பனி தின்றுவிட்டது. எடை குறைந்ததற்கு அப்போதே சாட்சிகளோடு சான்று எழுதிவைக்காதவர் மாட்டிக்கொள்வார்.

ஆனால் இதைப் படித்துவிட்டு மறுபக்கம் சாய்ந்துவிடாதே. எனக்கு ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. வவுச்சர் எல்லாம் சரியாக இருந்து, பாக்கி பூஜ்யமாக முடிந்த கணக்கிலும் ஜனங்கள் பட்டினி கிடந்திருக்கலாம். சூ மக்களின் தலைவர் ரெட் கிளவுட், புதைபடிவம் தேட வந்த பேராசிரியர் மார்ஷிடம் தங்களுக்குக் கிடைத்த மாவு, காபி, புகையிலையின் மாதிரியை எடுத்துக் காட்டினார். மார்ஷ் அதை 1875இல் ஜனாதிபதி கிராண்ட் வரை கொண்டுபோனார். அந்த வருஷம் முடிவதற்குள் உள்துறைச் செயலர் டெலானோவும் இந்தியர் விவகார ஆணையர் ஸ்மித்தும் பதவியில் இல்லை. மாவின் தரம் எந்த வவுச்சரிலாவது தெரியுமா? அதில் எடை இருக்கும், விலை இருக்கும், கீறல் இருக்கும். அந்த மாவைத் தின்றவர்களை ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்க அந்த நடைமுறையில் இடமே இல்லை. அதுவும் மேலே சொன்ன 1877 ஒப்பந்த ரேஷன் தானமில்லை மாப்ள. சூ மக்களின் பிளாக் ஹில்ஸ் மலைகளைப் பிடுங்கிக்கொண்டு அதற்கு ஈடாக என்று எழுதிக் கொடுத்தது. அது ஈடாகாது என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. உன் அத்தியாயத்தில் இதற்கு ஒரு பத்திகூட இல்லையே.

இனி வேலை. தடைத் தாளை எடுத்து இனம் இனமாகப் பிரி. காலாண்டு, வவுச்சர் எண், தலைப்பு, தொகை, தடைக்குக் காரணம், ஏஜென்ட் பதில், முடிவு என்று ஏழு கட்டம் போடு. தீர்த்த கணக்குகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் 217ஆம் தொகுதியில் இருக்கும். ஏஜென்ட்டின் கடிதங்கள் 75ஆம் தொகுதியில். நீ 217ஐ மட்டும் பார்த்ததால்தான் அவர் பதிலே எழுதவில்லை என்று நினைத்துவிட்டாய். ஜாமீன்தாரர் மேல் வழக்குப் போட்டிருந்தால் நீதிமன்றக் கட்டையும் தேடு. முன்னரே கருவூலத்தில் காட்டி மறுக்கப்பட்ட வவுச்சரைத்தான் பொதுவாக அங்கே பாக்கியில் கழிக்க ஏற்பார்கள், ஆகவே எந்தத் தேதியில் எதைக் காட்டினார் என்பது முக்கியம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரைப் பாக்கியிலிருந்து விடுவிக்க அவர் பெயருக்குத் தனி நிவாரணச் சட்டம் போட்டதா என்றும் பார்த்துவிடு. இதெல்லாம் முடிந்த பிறகும், உண்மையில் செலவானதற்கே ஆதாரம் இல்லாத தள்ளுபடித் தொகை மிஞ்சினால், அதைக் கையாடல் என்று நீயே எழுது, நான் மறுக்க மாட்டேன்.

அடுத்த தடவை வவுச்சர்களைப் படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடு. மடித்து வைத்த தாளின் வெளிப்புறத்தில்தான் வந்த தேதியும் குறிப்பும் எழுதியிருப்பார்கள். ரேஷன் பட்டியலையும் அனுப்பு. குமாஸ்தா காதில் விழுந்தபடி பெயர் எழுதியதால் ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கோர்வையில் வருவார், அதை இரண்டு பேராக எண்ணியிருக்கிறாயா என்று பார்க்க வேண்டும்.

தீபாவளிக்கு முன்னால் அனுப்பு.

உன் பங்காளி