வாவிக்கரைப் பாதை வேலை: நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

"கட்டிய சாய்தளத்தை ஏன் இடித்தீர்கள்? அது யாருடைய காசு?" என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். கேட்டது சரி. அதற்கே முதலில் பதில்.

வீதியிலிருந்து வாவியோர மேடைக்கு 60 சென்ரிமீற்றர் இறக்கம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலியில் வருபவர் தானே ஏறி இறங்கலாம். அப்படிப் பார்த்தால் சாய்தளம் 7.2 மீற்றர் வர வேண்டும். வரைபடத்திலும் அதுதான் இருந்தது. கொந்தராத்துக்காரர் 3 மீற்றரில் முடித்துவிட்டு, "ரெண்டு பேர் தள்ளினால் ஏறும்தானே" என்றார். யுத்தத்தில் கால் இழந்த எங்கள் ஊர் அக்கா ஒருவர் அன்றைக்கே ஏறிப் பார்த்தார். பாதி வழியில் நாற்காலி பின்னுக்குச் சறுக்க, சில்லைப் பிடித்த உள்ளங்கை உரிந்துபோனது. "தள்ள ஆள் இருந்தா நான் எப்பவோ ஆத்தங்கரைக்கு வந்திருப்பேனே தம்பி" என்றார். அன்றிரவே இடிக்க முடிவெடுத்தோம்.

திரும்பக் கட்டவும் கூலி கேட்டார் கொந்தராத்துக்காரர். மூன்று கிழமை இழுபறி. கடைசியில் கூலியை விட்டுக்கொடுத்தார். சீமெந்தும் மணலும் எங்கள் தலையில் விழுந்தன. மேலதிகச் செலவு அது மட்டும்தான். பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் உள்ளன, யாரும் பார்க்கலாம். அணுகும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் இந்த நாட்டில் 2006இலேயே வந்துவிட்டன. நாங்கள் ஆடம்பரம் எதுவும் செய்யவில்லை.

மேடைப் பலகைகளைக் குறுக்கே அடிக்கச் சொன்னதும் நாங்கள்தான். நீளவாக்கில் அடித்தால் நாற்காலியின் முன் சில்லு இடுக்கில் மாட்டும். தில்லை மரம் நின்ற இடத்தில் பாதையை வளைத்தோம். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய கரைச்சல், வெட்டவும் மனமில்லை. பக்கத்துக் கண்டல்களும் தப்பின.

கழிப்பறை, விளக்கு, வேலி முடிந்தன.

மரம் தந்த தச்சர், கனடாவிலும் சுவிஸிலும் இருந்து காசு அனுப்பிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள், கடலை விற்ற காசில் ஒரு பங்கு தந்த அம்மா, தோணியைக் கட்டிவிட்டு வந்து மண் சுமந்த மீனவர்கள், கூலி வாங்காமல் கல் ஏற்றிய உழவு இயந்திரக்காரர், வேலை நாட்களில் மத்தியானச் சோறு தந்த பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் இளைஞர்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், பலகையில் இடம் விட்டிருக்கிறோம்.

பாதை திறந்த அன்று அந்த அக்கா தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு தனியே இறங்கிப் போனார். பொழுது படும்வரை இருந்து இரண்டு மீன் பிடித்தார். 56 கிலோமீற்றர் நீள மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்தவர், கால் போன பிறகு தூண்டில் போட்டது அன்றுதான்.

மாரிக்கு முன் பலகை ஆணிகளை ஒருக்கால் இறுக்க வேண்டும். சுத்தியல் உள்ளவர்கள் வரும் ஞாயிறு காலை வாருங்கள்.

நிர்வாகக் குழு