கோட்டுப் படத்தில் காரணம் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூர் துவாஸில் ஓவர்டைம் பார்த்துவிட்டு விடுதிக்கு வந்து, அறையில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதினேன் என்று, கோட்டுப் படத்தை ஆங்கிலத்தில் விவரிக்கும் கேள்விக்கான உன் விடையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். முழுவதும் படித்தேன். உன் இலக்கணம் நீ பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிற பிள்ளைகள் நிறையப் பேருக்கு இதே சிக்கல் இருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

நீ எழுதிப் பார்த்தது சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவார் என்று காட்டும் எண் அது. 1960இல் 5.76. 1970இல் 3.07. 1980இல் 1.82, 1990இல் 1.83, 2000இல் 1.60, 2010இல் 1.15, 2020இல் 1.10. ஏழு புள்ளி, ஒரே கோடு.

உன் இரண்டாவது பத்தியில், ‘இரண்டு போதும்’ என்று அரசாங்கம் பிரசாரம் செய்ததால் பிறப்பு குறைந்தது என்று எழுதியிருக்கிறாய். தகவல் சரிதான். அந்தப் பிரசாரம் 1972இல் தொடங்கியது. 1987இல் அரசாங்கமே கொள்கையை மாற்றி, வசதி இருந்தால் மூன்று அல்லது அதற்கு மேலும் பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. இந்த ஊரைப் பற்றி நீ இவ்வளவு தெரிந்து வைத்திருப்பது எனக்குச் சந்தோஷம். ஆனால் இதில் ஒரு வரிகூட விடையில் வரக் கூடாது. உனக்குக் கொடுத்த படத்தில் ஆண்டும் எண்ணும் மட்டும்தான் இருக்கின்றன. முக்கியமான அம்சங்களைத் தேர்ந்தெடுத்துச் சொல், பொருத்தமான இடத்தில் ஒப்பிடு என்பதுதான் கேள்வி. ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதே தாளில் இரண்டாவதாக ஒரு கட்டுரை வருகிறது, காரணமும் கருத்தும் அங்கேதான்.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ‘காரணம் கூறுக’ என்ற கேள்விக்குப் பதில் எழுதியே வளர்ந்தவர்கள் நாம். எண்ணைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் இருப்பதைச் சொல்லக் கை பரபரக்கும். இந்தக் கேள்விக்கு ஒதுக்க வேண்டிய 20 நிமிடத்துக்கு மட்டும் அதை அடக்கி வை.

அடுத்தது இன்னும் முக்கியம். ஏழு புள்ளிக்கும் ஏழு வாக்கியம் எழுதியிருக்கிறாய். 1960இல் இவ்வளவு, 1970இல் இவ்வளவு, அப்புறம் 1980இல் இவ்வளவு. படத்தைப் பார்க்காத ஒருவர் இதைப் படித்தால் எண்கள் தெரியும், கோட்டின் உருவம் தெரியாது. நேற்று மேட்ச் எப்படிப் போச்சு என்று அறை நண்பன் கேட்டால் பந்து பந்தாகவா சொல்வாய்? முதல் பத்து ஓவரில் அடித்து நொறுக்கினார்கள், அப்புறம் வரிசையாக விக்கெட் போய்விட்டது என்பாய். அந்தச் சுருக்கம்தான் ஓவர்வியூ. தெளிவான ஓவர்வியூ இல்லாமல் விவரங்களை எந்திரம் போல ஒப்பித்தால், கேட்டதைச் செய்திருக்கிறாயா என்று பார்க்கும் டாஸ்க் அச்சீவ்மெண்ட் பகுதியில் 5க்கு மேல் போவது கஷ்டம். மதிப்பெண் அளவுகோலில் 5ஆம் நிலைக்கு எழுதியிருக்கிற விளக்கமே கிட்டத்தட்ட இதுதான்.

இந்தப் படத்துக்கு ஓவர்வியூ என்ன? மொத்தத்தில் விகிதம் மிகப் பெரிய அளவில் சரிந்தது, அந்தச் சரிவில் பெரும்பகுதி முதல் 20 ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டது. அவ்வளவுதான். இதில் எண் எதுவும் தேவையில்லை. கணக்குப் போட்டுப் பார்: 1960 முதல் 2020 வரை மொத்தக் குறைவு 4.66, அதில் 3.94 முதல் 20 ஆண்டுகளில் நடந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தைப் பேனா எடுப்பதற்கு முன்பே செலவழிக்க வேண்டும். நீ படத்தைப் பார்த்த உடனேயே எழுதத் தொடங்கிவிட்டாய் என்பது விடையைப் படித்தாலே தெரிகிறது.

1980க்கும் 1990க்கும் நடுவில் ‘இன்கிரீஸ்ட்’ என்று போட்டிருக்கிறாய். 1.82 எங்கே, 1.83 எங்கே? அது ஏற்றமே இல்லை. ‘ரிமெய்ண்ட் ஆல்மோஸ்ட் அன்சேஞ்ட்’ என்று எழுது. இதிலேயே கவனிக்க ஒன்று இருக்கிறது. இதே தகவலை ஆண்டுவாரியாக வரைந்தால் அந்தப் பத்தாண்டு தட்டையாகவே இருக்காது. 1986இல் 1.43 வரை இறங்கி, 1988இல் 1.96க்கு ஏறி, மறுபடி இறங்கியிருக்கும். 1988 சீனர்களுக்கு டிராகன் ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பிள்ளை அதிர்ஷ்டசாலி என்ற நம்பிக்கை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண்டுவாரிப் படம் வந்தால் அந்தப் பள்ளத்தையும் மேட்டையும் விடாமல் எழுத வேண்டும். டிராகனை எழுதக் கூடாது. பத்தாண்டுப் படம் வந்தால் மேடும் பள்ளமும் கூட உனக்குத் தெரியாத மாதிரிதான் எழுத வேண்டும். கையில் இருக்கிற படம் காட்டுவதுதான் கணக்கு.

சொற்களுக்கு வருகிறேன். ‘தி கிராஃப் இன்கிரீஸ்ட்’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது. கிராஃப் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. விகிதம்தான் கூடும், குறையும், அதையே எழுவாயாக வை. ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இரண்டும் உனக்குக் கலந்துவிடுகின்றன. விகிதம் தானாக ஏறினால் ‘ரோஸ்’. ‘ரெய்ஸ்ட்’ என்றால் யாரோ அதை ஏற்றினார்கள் என்றாகும். ‘பை’யும் ‘டு’வும் மாறினால் தகவலே தப்பாகிவிடும். 50 இருந்தது 70 ஆனால், எவ்வளவு ஏறியது என்பதற்கு ‘பை 20’, எதுவரை ஏறியது என்பதற்கு ‘டு 70’. ‘டு 20’ என்று எழுதினால் ஏறியதை இறங்கியதாகச் சொல்கிறாய். சதவீதப் படம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 40 சதவீதம் 50 சதவீதமானால் அது 10 ‘பர்சென்டேஜ் பாயிண்ட்ஸ்’ ஏற்றம். 10 சதவீத ஏற்றம் என்று எழுதினால் தப்பு, கணக்குப்படி அது 25 சதவீதம்.

பெரிய பெரிய சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டாம். 2010இலிருந்து 2020க்கு வெறும் 0.05 குறைந்ததற்கு, படுவேகமாகச் சரிந்தது என்று பொருள்படும் ‘ப்ளம்மெட்டட்’ போட்டிருக்கிறாய். அந்தச் சொல்லை 1960களுக்கு வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். சொல் தெரியும் என்று காட்டுவதைவிட எந்த இடத்தில் பொருந்தும் என்று காட்டினால்தான் மதிப்பெண். ‘ஃபெல் ஷார்ப்லி’ என்று ஒரு முறை, ‘எ ஷார்ப் ஃபால் இன்’ என்று இன்னொரு முறை, இப்படி வினையையும் பெயரையும் மாற்றிப் போட்டாலே நடை நன்றாகிவிடும். கேள்வியில் இருக்கிற வரியை அப்படியே முதல் வரியாக எழுதாதே, காப்பியடித்த சொற்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

பரீட்சையில் பெரும்பாலும் ஒரு கோடு வராது, மூன்று நான்கு வரும். பேருந்து, ரயில், கார் என்று மூன்று இருந்தால், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பத்தி எழுதிவிட்டு ஒப்பிட மறந்துவிடுவார்கள். எவை சேர்ந்து ஏறுகின்றன, எது தனியாக இறங்குகிறது, எந்த ஆண்டில் ஒன்றை ஒன்று தாண்டுகிறது என்று பார்த்து, ஒரே மாதிரி போகிறவற்றை ஒரு பத்தியில் சேர்த்துவிடு.

குறைந்தது 150 வார்த்தை. 200ஐத் தொட வேண்டிய அவசியமில்லை. கணினியில் எழுதினால் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். இரண்டாவது கட்டுரைக்கு இதைப் போல இரண்டு மடங்கு மதிப்பு, அதனால் 20 நிமிடம் ஆனதும் இதை விட்டுவிட்டு அங்கே போய்விடு.

வருகிற ஞாயிறு உனக்கு ஆஃப் என்றாய். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து வேறொரு படத்துக்கு எழுது. எனக்கு விடையை மட்டும் அனுப்பு, படத்தை அனுப்பாதே. உன் வார்த்தைகளை வைத்து நான் ஒரு தாளில் கோட்டை வரைந்து அனுப்புகிறேன். உன்னிடம் இருக்கிற படத்தோடு வைத்துப் பார்த்து, எங்கே மாறுகிறது என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அக்கா