மகள்களின் பள்ளி வருகை குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான வருகைப் பதிவேடுகளைச் சென்ற வாரம் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். சேர்க்கையில் நம் பள்ளிக்குக் குறையொன்றும் இல்லை. பள்ளி வயதை எட்டிய பெண் குழந்தைகள் ஏறக்குறைய எல்லோருடைய பெயரும் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால், மூன்றாம் வகுப்பிலிருந்து மேலே போகப் போக, மாணவியரின் பெயர்களுக்கு நேரே வராத நாட்களின் குறிகள் கூடிக்கொண்டே போகின்றன. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல் விழும் குறிகள் அல்ல அவை. வாரத்துக்கு ஒரு நாள், சில வாரங்களில் இரண்டு நாள் என்று விட்டுவிட்டு விழுந்திருக்கின்றன. அதைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுப் பேசவே இதை எழுதுகிறேன்.

காரணம் கேட்ட வகுப்பாசிரியர்களிடம், அம்மா வேலைக்குப் போன அன்று கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டதாக ஒரு பிள்ளை சொன்னாள். தண்ணீர் எடுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டதால், தாமதமாக வரக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டதாக இன்னொருத்தி சொன்னாள். கூட வரும் அக்கா வராத நாட்களில் தனியாக நடக்கப் பயம் என்றார்கள் சிலர். படிப்புப் பிடிக்கவில்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. உங்களில் யாரும் மகளின் படிப்பை அலட்சியமாக நினைப்பவர்கள் அல்லர் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு கை குறையும்போது அந்த இடத்தை நிரப்ப முதலில் நினைவுக்கு வருபவள் மகளாக இருக்கிறாள். அவளும் மறுபேச்சுப் பேசாமல் நின்றுவிடுகிறாள்.

வாரத்தில் ஒரு நாள்தானே என்று தோன்றலாம். அந்த ஒரு நாள் என்ன செய்கிறது என்பதை ஒரு பிள்ளையின் சிலேட்டில் பார்த்தேன். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னபோது அவள் 35 என்று எழுதியிருந்தாள். 2-இலிருந்து 7 போகாதென்று தெரிந்ததும், 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டுவிட்டாள். பிறகு 5-இலிருந்து 2 போக 3. பார்ப்பதற்குக் கவனக்குறைவு போலத் தெரியும், ஆனால் அது கவனக்குறைவு அல்ல. தெரிந்த வழியில் அவள் ஒழுங்காகத்தான் போயிருக்கிறாள். கடன் வாங்கிக் கழிப்பதை அந்த வகுப்பில் மூன்று நாள் நடத்தினோம். முதல் நாள் பத்துப் பத்தாகக் குச்சிகளைக் கட்டி, கட்டைப் பிரித்துக் காட்டினோம். இரண்டாம் நாள் அதையே எண்களாக எழுதினோம். மூன்றாம் நாள் பயிற்சி. முதல் இரண்டு நாளும் அவள் வரவில்லை. குச்சிக் கட்டைப் பிரித்துப் பார்க்காத பிள்ளைக்கு, பத்தாமிடத்து எண் ஏன் ஒன்று குறைகிறது என்பது எப்படி விளங்கும்? மறுபடி அவளைக் குச்சிகளோடு உட்கார வைத்தோம், அரை மணி நேரத்தில் 25 என்று சரியாகச் சொன்னாள். நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால், அடுத்த ஆண்டு வகுத்தல் கணக்கில் அவள் திணறியிருப்பாள். "இவளுக்குக் கணக்கு வராது" என்று வீட்டிலோ பள்ளியிலோ ஒருவர் சொல்லியிருப்பார், அவளும் அதை நம்பியிருப்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் பல பெண் பிள்ளைகளின் கதை இப்படி விடுபட்ட ஒரு பாடத்தில்தான் தொடங்குகிறது என்பது, இத்தனை ஆண்டுகளாக நான் கண்டது.

வாசிப்பும் இப்படித்தான். மூன்றாம் வகுப்புக்குள் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கப் பழகிவிட்டால், அதற்குப் பிறகு எல்லாப் பாடமும் வாசிப்பின் வழியாகவே உள்ளே போகிறது. பழகாத பிள்ளைக்கு நான்காம் வகுப்பின் புத்தகங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்கின்றன.

குறையெல்லாம் வீட்டில்தான் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் தரப்பிலும் தவறு இருந்தது, அதை உங்களிடம் மறைப்பது முறையாகாது. ஒரு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆசிரியர் யார் யாரிடம் கேள்வி கேட்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுக் கேள்விகளில் ஐந்துதான் மாணவியரிடம் போயின. அந்த ஆசிரியர் அன்பானவர், எண்ணிக்கையைச் சொன்னபோது அவரே திகைத்துப்போனார். வகுப்பறையைப் பெருக்குவதும் பானையில் நீர் நிரப்புவதும் வழக்கமாக மாணவியர் வேலையாகவே இருந்து வந்திருக்கின்றன. மாணவியர் கழிப்பறையின் உள்தாழ்ப்பாள் உடைந்து பல வாரங்கள் ஆகியும் எவரும் வந்து சொல்லவில்லை, நாங்களும் போய்ப் பார்க்கவில்லை. பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலேயே பகல் முழுவதும் சமாளித்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் மாற்றியாயிற்று. பெருக்கும் முறை இனி இருபாலருக்கும் பொது. கேள்விகள் இப்போது பெயர்ச்சீட்டு எடுத்துக் கேட்கப்படுகின்றன.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில், 2007-இல், சில கிராமங்களின் உள்ளேயே சிறு பள்ளிகளைத் திறந்து, பள்ளி இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பள்ளி வீட்டருகே வந்ததும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளின் சேர்க்கை அதிகமாக உயர்ந்து, இரு பாலருக்கும் இடையே இருந்த இடைவெளியே மறைந்துபோனது. மகனுக்கும் மகளுக்கும் அதே நடை, அதே பாதைதான். ஆனால் மகளை அனுப்பும்போது பெற்றோர் மனத்தில் அந்தத் தூரம் நீண்டுவிடுகிறது. வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு அமைப்பு 1985-இல் 22 ஓரறைப் பள்ளிகளோடு தொடங்கியபோது, பள்ளியைக் கிராமத்துக்குள்ளேயே வைத்தார்கள், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களையே ஆசிரியராக்கினார்கள், பள்ளி நேரத்தைப் பெற்றோரோடு பேசி அமைத்தார்கள். அங்கே படித்தவர்களில் பெரும்பகுதி பெண் குழந்தைகள். தொடக்கக் கல்வி எல்லாக் குழந்தைக்கும் கட்டாயமாகவும் இலவசமாகவும் கிடைக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 28-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த உரிமை ஒரு பிள்ளையின் கைக்கு வந்து சேர, நடை, நேரம், கைக்குழந்தை போன்ற சின்னச் சின்ன விஷயங்களை யாராவது உட்கார்ந்து சரிசெய்தாக வேண்டியிருக்கிறது.

நம்மால் பள்ளியை நகர்த்த முடியாது, நடையைச் சேர்ந்த நடையாக்க முடியும். ஒவ்வொரு பாதையிலும் வீடு வீடாகப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வர, நாளுக்கு ஒரு பெரியவர் முன்வந்தால் போதும். ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒருவருக்கு வாரத்தில் ஒரு முறைதான் வரும். மாலையில் ஆசிரியர் ஒருவர் பாதி வழி வரை உடன் வருவார். மூன்று வயது நிரம்பிய தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில், மகளை நிறுத்திவிடாமல் இருவரையும் சேர்த்தே அனுப்புங்கள். முதல் வகுப்பறையை ஒட்டிய அறையில் சின்னவர்களை உட்கார வைக்க ஏற்பாடு செய்துவிட்டோம். அதற்கும் சிறிய கைக்குழந்தைகளுக்கு எங்களிடம் வழி இல்லை. அதைப் பெற்றோர் கூட்டத்தில் சேர்ந்து யோசிப்போம். காலை மணியை அரை மணி நேரம் தள்ளிவைக்க அனுமதி கேட்டு மேலதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை, தாமதமாக வரும் எந்தப் பிள்ளையும் வாசலில் நிறுத்தப்பட மாட்டாள். முதல் பாடம் தவறினாலும் மீதிப் பாடங்களுக்கு அனுப்பிவையுங்கள்.

இத்துடன் ஒரு சீட்டு இணைத்துள்ளேன். உங்கள் மகள் எந்தப் பாதையில், யாரோடு வருகிறாள் என்பதையும், வாரத்தின் எந்த நாளில் உங்களால் பிள்ளைகளுடன் நடந்து வர முடியும் என்பதையும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் அவளிடமே கொடுத்தனுப்புங்கள். எழுதச் சிரமம் உள்ளவர்கள் மகளிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதச் சொல்லலாம். மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்டவர்கள் எழுதிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்