எழுத்தால் வரையத் தமிழுக்கும் ஓர் எழுத்துரு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சைதாப்பேட்டையில் 30 ஆண்டுகளுக்கு மேல் தட்டச்சுப் பயிற்சி அளித்தவன் நான். அரசுத் தேர்வு முடிந்த மறுநாள் மாணவர்கள் வேகப் பயிற்சித் தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆங்கில ‘எக்ஸ்’ எழுத்தையும் புள்ளியையும் மட்டும் தட்டிப் பிள்ளையாரையும் கோயில் கோபுரத்தையும் வரைந்து காட்டுவார்கள். ஆங்கில இயந்திரத்தில் எந்த எழுத்தைத் தட்டினாலும் தாளைத் தாங்கி நகரும் பகுதியான கேரேஜ் ஒரே அளவுதான் நகரும் என்பதால், வரிக்கு வரி எழுத்துகள் நேர்கீழாக அமைந்து படம் குலையாமல் நின்றது.

இன்று அந்த வேலையைக் கணினி நொடியில் செய்கிறது. புகைப்படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டு, இருண்ட இடத்தில் மை அடர்ந்த குறியையும் வெளுத்த இடத்தில் புள்ளியையோ வெற்றிடத்தையோ வைப்பதுதான் முறை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் நோல்டனும் லியோன் ஹார்மனும் 1966-லேயே இவ்வாறு குறிகளால் ஒளிப்படத்தை உருவாக்கினார்கள். பின்னர் ‘ஆஸ்கி கலை’ என்று இக்கலைக்குப் பெயர் தந்த, கணினிக்கான ஆங்கில எழுத்துக் குறியீட்டுத் தொகுப்பான ஆஸ்கியில் அச்சாகும் குறிகள் வெற்றிடத்தையும் சேர்த்து 95. அவற்றில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

என் பேத்தி அண்மையில் வள்ளுவர் படத்தைத் தமிழ் எழுத்துகளால் அமைக்க முயன்றாள். கொண்டைக்கு ‘ண’, ‘ஞ’, தாடிக்கு ‘ப’, ‘ட’ என்று அவள் தேர்ந்தெடுத்ததில் குறையில்லை. ஆனால், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்களில் ‘ண’ அகலமாகவும் ‘ர’ குறுகலாகவும் இருப்பதால், ‘ண’ மிகுந்த வரிகள் நீண்டும் மற்றவை சுருங்கியும் போய், தாடி காதோரம் ஒதுங்கிவிட்டது. போதாக்குறைக்கு, நமக்கு ஒரே எழுத்தான ‘கொ’, உலக மொழிகளின் எழுத்துகளுக்கான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு குறியீடுகள் ஆகையால், நிரல் அதை வெட்டிய இடங்களில் உயிர்க்குறி தனியே பிரிந்து புள்ளி வட்டத்தோடு தொங்கியது. கடைசியில் எக்செல் கட்டங்களில் ஒவ்வோர் எழுத்தாக இட்டு அவள் அதை முடித்தபோது இரவு மணி பதினொன்று.

எழுத்தை உருவமாக்குவது நமக்குப் புதிதன்று. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், பாட்டின் எழுத்துகளை ஓர் உருவத்துக்குள் அமைக்கும் சித்திரகவிக்கு இலக்கணம் சொல்கிறது. அதில் ஒரு வகையான நாகபந்தத்தில் பாம்புகள் பின்னும் இடங்களில் ஒரே எழுத்து இரண்டு வரிகளுக்கும் பொதுவாக நிற்கும். திருவான்மியூரில் சமாதி கொண்ட பாம்பன் சுவாமிகள் வேலின் வடிவில் அமைத்த சஸ்திர பந்தத்தை இன்றும் பக்தர்கள் ஓதுகிறார்கள்.

எழுத்துருக்களை இலவசமாக வழங்கிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் அமைந்த ஓர் எழுத்துருவையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 247 எழுத்துகளையும் ஒரே அகலத்தில் அடக்குவது கடினம் என்பதை அறிவேன். படம் வரைய உயிர் 12, அகர உயிர்மெய் 18 ஆகிய முப்பதே தொடக்கத்துக்குப் போதும். அது கிடைத்தால், அரசுப் பள்ளிக் கணினி வகுப்பிலேயே பிள்ளைகள் தங்கள் ஊர்க் கோபுரத்தைத் தமிழில் வரைந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியர்,
சைதாப்பேட்டை, சென்னை.