பேஸ்பாலுக்குக் கிரிக்கெட்டின் அளவுகோல் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் பேஸ்பாலும் ஒருசேர இடம்பெறவிருப்பது குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதில் பேஸ்பாலைக் ‘கிரிக்கெட்டின் எளிய வடிவம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தது எனக்கு வருத்தமளித்தது. கணித ஆசிரியராகப் பணிபுரிந்த காலத்திலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாவட்ட லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதிவந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, டாலஸ் நகருக்கு அருகிலுள்ள மகன் வீட்டில் இரண்டு முறை ஆறு ஆறு மாதம் தங்கியிருந்தபோது, பேரன் ஆடும் பேஸ்பால் ஆட்டங்களுக்குப் போய் அங்கும் ஸ்கோர் எழுதப் பழகிக்கொண்டேன். இரண்டு ஆட்டங்களையும் பென்சிலும் தாளுமாகப் பின்தொடர்ந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள் நானும் கட்டுரையாளரைப் போலத்தான் பார்த்தேன். பிட்சர் என்றால் பந்துவீச்சாளர், கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர், ஹோம் ரன் என்றால் சிக்சர் என்று ஒவ்வொன்றையும் கிரிக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டே பார்த்ததில் எனக்குச் சலிப்புதான் மிஞ்சியது. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஓர் அணி எடுப்பது நான்கு ரன், ஐந்து ரன். அடிக்க வருபவர்களில் பெரும்பாலோர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போகிறார்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் ஒருவர் என்னோடு தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்தபோது அவருக்கும் இதே சிக்கல், தலைகீழாக வந்தது. இருநூறு ரன் வந்த பிறகும் மூன்று பேர்தான் ஆட்டமிழந்திருக்கிறார்கள், ஒன்றுமே நடக்கவில்லையே என்றார் அவர்.

நாங்கள் இருவரும் செய்த தவறு ஒன்றேதான். கிரிக்கெட்டில் ரன் மலிவு, விக்கெட் அரிது. பேஸ்பாலில் ஆட்டமிழப்பு மலிவு, ரன் அரிது. ஓர் ஒருநாள் ஆட்டத்தில் முந்நூறு பந்துகளை வீசிப் பத்து விக்கெட்டை வீழ்த்த ஓர் அணி படாத பாடு படுகிறது. பேஸ்பாலிலோ ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று பேர் வீதம் ஒன்பது இன்னிங்ஸில் இருபத்தேழு ஆட்டமிழப்புகள் கணக்கு. ஆட்டமிழந்தவர் தம் முறை வரும்போது மறுபடியும் மட்டையோடு வருவார். ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறைகூட வருவார். எது மலிவு, எது அரிது என்ற இந்த ஒரு விஷயம் பிடிபட்ட பிறகுதான், எப்போது கண் இமைக்காமல் பார்க்க வேண்டும், எப்போது சாய்ந்து உட்காரலாம் என்பது எனக்குத் தெரிந்தது.

இதற்கு இரண்டு மாமனிதர்களின் கதையைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை. 1948 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் பிராட்மன் தம் கடைசி டெஸ்டில் களமிறங்கியபோது, அவருடைய சராசரி 100 ஆக நிற்க நான்கு ரன்கள் போதுமாக இருந்தன. எரிக் ஹாலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே ரன் எடுக்காமல் போல்டானார். இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி அடைந்ததால் அவருக்கு இன்னொரு முறை மட்டை பிடிக்கும் வாய்ப்பே வரவில்லை, சராசரி 99.94-லேயே நின்றுவிட்டது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1941 செப்டம்பர் 28 அன்று, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் அந்தப் பருவத்தின் கடைசி நாளில் 0.39955 என்ற சராசரியோடு, அதாவது பத்து முயற்சிக்கு ஏறக்குறைய நான்கு ஹிட் (பந்தை அடித்து, ஆட்டமிழக்காமல் ஓடிச் சேர்வது) என்ற கணக்கோடு, பிலடெல்பியாவில் இருந்தார். அன்று அவர் ஆடாமல் ஓய்வெடுத்திருந்தால் அது 0.400 என்று முழுமையாக்கப்பட்டிருக்கும். அவர் அதை ஏற்காமல் அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் ஆடினார். எட்டு முயற்சிகளில் ஆறு ஹிட் அடித்து 0.406-ல் முடித்தார். அதற்குப் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் எவரும் ஒரு பருவம் முழுவதும் 0.400 என்ற அளவைத் தொட்டதில்லை. ஒருவருக்குக் கிடைத்தது இரண்டே பந்து. மற்றவருக்கு ஒரே நாளில் எட்டு வாய்ப்பு. பத்துக்கு நான்கு முறை வென்றவர் அங்கே காவிய நாயகர். ஒரே ஒரு தவறு செய்தவர் இங்கே பெவிலியனில் உட்கார வேண்டும். கிரிக்கெட் பார்க்கும்போது நம் வயிற்றைப் பிசையும் பயம் அந்த ஒற்றைத் தவறைப் பற்றியது. 1999-இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 136 ரன் எடுத்த டெண்டுல்கர் ஆட்டமிழந்தபோது, வெற்றிக்குப் பதினேழு ரன்கள்தாம் தேவைப்பட்டன. மீதமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நான்கே ரன்களில் விழுந்தன. அன்று அந்த மைதானத்தில் இருந்தவர்களுக்கு விக்கெட்டின் விலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் பேஸ்பாலில் எங்கே கண்ணை வைப்பது? நம்மவர்களுக்குப் புரியாமல் போகும் இடம் ஓட்டம்தான். கிரிக்கெட்டில் பந்தை அடித்தவர் ஓடியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது; நாள் முழுவதும் தடுத்தாடிக்கொண்டு நிற்கலாம். பேஸ்பாலில் பந்தைக் களத்துக்குள் அடித்துவிட்டால் முதல் பேஸை நோக்கி ஓடித்தான் ஆகவேண்டும் (சுற்றி வந்து ரன் எடுப்பதற்காகக் களத்தில் உள்ள நான்கு இடங்களே பேஸ்கள்). முதல் பேஸில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தால், ஒரு பேஸில் இருவர் நிற்க விதி இடம் தராது என்பதால், அவரும் இரண்டாம் பேஸுக்கு ஓட வேண்டும். இப்படிக் கட்டாயத்தின் பேரில் ஓடுபவரை வீழ்த்த அவரைத் தொட வேண்டிய தேவையில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் அந்தப் பேஸை மிதித்தாலே போதும். கட்டாயம் இல்லாமல் தானே துணிந்து அடுத்த பேஸுக்கு ஓடுபவரைத்தான் பந்தால் தொட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாதவருக்குக் களத்தில் நடப்பது வெறும் குழப்பமாகவே தோன்றும்.

எனக்கு அது விளங்கியது பதினோரு வயதுப் பிள்ளைகள் ஆடிய ஓர் ஆட்டத்தில். முதல் பேஸில் ஒருவன் நிற்க, அடித்தவன் பந்தைத் தரையோடு தரையாக இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே விரட்டினான். அங்கே நின்ற ஷார்ட்ஸ்டாப் சிறுவன் குனிந்து பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தான். அதை வாங்கியவன் ஒரு காலால் பேஸை மிதித்துக்கொண்டே உடலைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிந்தான். ஓடிவந்தவனின் கால் பேஸைத் தொடுவதற்கு ஓரடி முன்பே பந்து கையுறைக்குள் விழுந்த ஓசை எங்கள் வரிசைவரை கேட்டது. நான்கைந்து நொடியில் இருவர் காலி. பக்கத்தில் இருந்த ஒரு தந்தை தம் தாளில் 6-4-3 என்று மூன்றே எண்களை எழுதினார். களத்தில் நிற்பவர் ஒவ்வொருவரின் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்சருக்கு 1, கேட்சருக்கு 2, ஷார்ட்ஸ்டாப்புக்கு 6 என்று ஒன்பதுவரை போகும். பந்து யார் யார் கைக்குப் போனது என்ற வழித்தடம் முழுவதும் அந்த எண்களில் அடங்கிவிடுகிறது. ‘ரன் அவுட்’ என்று எழுதிவிட்டு, எறிந்தவர் யார் என்பதை ஓரத்தில் குறித்துவைக்கும் பழக்கமுள்ள எனக்கு அந்தக் கணமே அந்த ஆட்டத்தின்மேல் மதிப்பு பிறந்தது.

இந்தக் குறிப்பு முறைக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. இங்கிலாந்தில் 1824-இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று, அங்கே பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிவந்த ஹென்றி சாட்விக் என்பவர்தாம், கிரிக்கெட் ஸ்கோர் பட்டியலை மாதிரியாகக் கொண்டு பேஸ்பாலுக்கான பட்டியலை வளர்த்தெடுத்தவர். மூன்று ஸ்ட்ரைக்கில் (அடிக்கத் தவறியதாகவோ, அடிக்க வேண்டியதை விட்டுவிட்டதாகவோ எண்ணப்படும் பந்துகள்) ஆட்டமிழந்தவருக்கு ‘கே’ என்ற ஆங்கில எழுத்தைப் போடும் வழக்கமும் அவரிடமிருந்து வந்ததே. மட்டையை வீசாமலே நின்று மூன்றாவது ஸ்ட்ரைக்கை வாங்கியவருக்கு அந்த எழுத்தையே இடவலம் மாற்றி எழுதுவார்கள். ஆனால் மாணவர் ஆசிரியரை மிஞ்சிய இடம் ஒன்று உண்டு. பேஸ்பால் பட்டியலின் கடைசியில் ரன், ஹிட், எரர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். எளிதாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தை நழுவவிட்டவரின் பெயரில் அந்தப் பிழை பதிவாகிவிடும். கிரிக்கெட் பட்டியலில் கேட்ச் பிடித்தவரின் பெயர் இருக்கும். தவறவிட்டவரின் பெயர் எங்கும் இருக்காது. பூஜ்யத்தில் தப்பிப் பிழைத்துச் சதம் அடித்தவரும், ஒரு வாய்ப்பும் தராமல் சதம் அடித்தவரும் நம் தாளில் ஒன்றுதான். நான் எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்களில் இந்தக் குறை இருப்பதை அங்கே போய்த்தான் உணர்ந்தேன்.

கிரிக்கெட்டுக்கே உரியதும், பேஸ்பாலில் தேடினாலும் கிடைக்காததும் மண்தான். பேஸ்பாலில் பந்து தரையைத் தொடாமல் காற்றிலேயே வருகிறது. வளைவதும் இறங்குவதும் பிட்சரின் விரல்களால் மட்டுமே. பந்து சற்றே அழுக்கானாலும் உடனே மாற்றிவிடுவார்கள். 1920 ஆகஸ்டில் கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு இறந்த பிறகு, அழுக்கேறிய பந்துகளை அடிக்கடி மாற்றுவது அங்கே இறுகிப்போன வழக்கமாயிற்று. நம் டெஸ்ட் ஆட்டத்திலோ பந்து எண்பது ஓவர்வரை பழசாகலாம். பழசாகப் பழசாக அதன் குணம் மாறுகிறது. ஆடுகளமும் ஐந்து நாளும் வெயிலில் காய்ந்து, வெடித்து, கால் தடத்தில் பொடிந்து, முதல் நாள் அடங்கிக் கிடந்த சுழற்பந்தைக் கடைசி நாளில் சீறவைக்கிறது. காலம் கடப்பதைக் கண்ணால் பார்க்கும் ஆட்டம் கிரிக்கெட். இருபது ஓவர் ஆட்டம் மட்டுமே பார்த்து வளரும் இன்றைய பிள்ளைகள் இதை இழந்துவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு.

இன்னொரு வேறுபாடு முடிவைப் பற்றியது. பேஸ்பாலில் சமநிலை இருந்தால் பொதுவாக ஒருவர் வெல்லும்வரை கூடுதல் இன்னிங்ஸ் ஆடுவார்கள். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் 348 ரன்களைத் துரத்திய இந்தியா 347-ல் நின்று, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனதோடு ஆட்டம் ‘டை’ ஆனதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். ஐந்து நாள் ஆடியும் எவரும் வெல்லாத ஓர் ஆட்டத்தை மக்கள் இன்றும் பேசுகிறார்களா என்று கேட்டார். அடுத்த முனையில் சாஸ்திரி நின்றுகொண்டிருந்ததையும், மணீந்தருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ரன் என்பதையும் விளக்கிய பிறகு, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நடுவரின் தீர்ப்பு சரியா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து அவர் கிரிக்கெட் ரசிகர் என்றே நான் கொண்டேன். பதிலுக்கு அவர் எனக்குச் சொன்னது 2010 ஜூனில் டெட்ராய்ட்டில் நடந்தது. பிட்சர் அர்மாண்டோ கலராகா இருபத்தாறு பேரை ஒருவர்கூடப் பேஸை எட்டாமல் வீழ்த்திவிட்டு, இருபத்தேழாவது ஆளையும் வீழ்த்திய நேரத்தில், நடுவர் ஜிம் ஜாய்ஸ் தவறுதலாக அவர் ஆட்டமிழக்கவில்லை என்று அறிவித்துவிட்டார். பிறகு பதிவைப் பார்த்த நடுவர் தம் தவறை ஒப்புக்கொண்டார்; மறுநாள் ஆட்டத்தின் தொடக்கத்தில் கலராகாவே அணிப் பட்டியலைக் கொண்டுவந்து கண்கலங்கி நின்ற அந்த நடுவரின் கையில் கொடுத்தார். அதைச் சொன்னபோது பெரியவரின் குரல் தழுதழுத்தது.

இரண்டு ஆட்டங்களும் பகைவர்கள் அல்ல என்பதற்கு டாலஸ் அருகிலுள்ள கிராண்ட் பிரெய்ரி மைதானமே சாட்சி. 2008-இல் பேஸ்பாலுக்காகக் கட்டப்பட்ட அந்த மைதானம் பின்னர் கிரிக்கெட்டுக்கு மாற்றியமைக்கப்பட்டது. நம் சென்னை அணியின் உறவான டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் 2023-இல் தன் முதல் ஆட்டத்தை ஆடியது அங்கேதான். 2024 ஜூனில் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் வென்றதும் அங்கேதான்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒலிம்பிக் நெருங்கும்போது பேஸ்பால் செய்திகள் நம் நாளிதழ்களில் கூடுதலாக வரும். அப்போது ஹோம் ரன்னைச் சிக்சர் என்று மொழிமாற்றம் செய்து முடித்துவிடாமல், கட்டாய ஓட்டத்தையும், ஸ்ட்ரைக் எப்படி எண்ணப்படுகிறது என்பதையும் ஒருமுறையாவது படத்தோடு விளக்கி வெளியிட வேண்டும். ஆட்டத்தின் முடிவைத் தரும்போது ஒன்பது இன்னிங்ஸின் ரன்களையும், ஹிட், எரர் எண்ணிக்கையையும் சேர்த்து அச்சிட வேண்டும். அணிக்கு ஒரு வரி வீதம் இரண்டு வரிகள் இருந்தால் அதற்குப் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.