கட்டியக்காரன் கேட்கிற கேள்வி: கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

உன் நீளமான மெயிலுக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாட்ஸ்அப்பில் நாலு வரி அடித்து அனுப்பிவிட்டுப் போகிற விஷயமாக அது இல்லை. பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்கக்கா, கம்பெனி பேரை மட்டும் போட்டுராதீங்க" என்றாய். போடவில்லை.

நீ சொன்னதை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. வாரக் கடைசியில், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக் மேடையில் போய் நிற்கிறாய், ஜோக் சொல்கிறாய், சிரிக்கவும் செய்கிறார்கள், ஆனால் அங்கே நிற்கிறவன் நான் இல்லையே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உறுத்துகிறது. யூட்யூபில் பார்த்துப் பார்த்துப் பழகிய குரல், வேறு யாரோ மூச்சு வாங்குகிற இடத்தில் நீயும் மூச்சு வாங்குகிறாய். அதனால் இனிமேல் உண்மையான கதிராகத்தான் மேடையேறுவேன் என்று முடிவுகட்டி, அப்பா, வேலை போனது, அந்தக் கல்யாணப் பேச்சு முறிந்தது என்று எல்லாவற்றையும் போட்டு உடைக்கிற ஒரு செட், அதாவது மேடையில் பேசுவதற்கான ஜோக் தொகுப்பு, எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் உள்ளதெல்லாம் நிஜமாக நடந்தது என்பதாலேயே அது நீ ஆகிவிடுமா? ஆதார் கார்டில் இருப்பதும்தான் நிஜம், அந்த போட்டோவைப் பார்த்து இதுதான் நான் என்று யாராவது சொல்வோமா. மனசைத் திறந்து கொட்டுவதற்கும் இப்போது ஒரு வேஷம் வந்துவிட்டது, கவனித்தாயா? குரலைத் தாழ்த்துவது, மைக் ஸ்டாண்டை ஒரு கையால் பிடித்துக்கொள்வது, கொஞ்சம் மௌனம், கண்ணாடியைத் துடைப்பது, அப்புறம் டப்பென்று ஒரு பஞ்ச். உன் செட்டிலும் அந்த மௌனத்துக்கு அடைப்புக்குறி போட்டு இடம் விட்டிருக்கிறாய்! முந்தைய வேஷம் இரவல் என்றால் இதுவும் இரவல்தான், துணி மட்டும் வேறு.

பாரிஸில் ழாக் லெகோக் என்று ஒரு நாடக ஆசிரியர் இருந்தார். ஆரம்பத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், பிறகு இத்தாலிக்குப் போய் முகமூடி வேலையெல்லாம் கற்றுக்கொண்டு திரும்பி 1956இல் பாரிஸில் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். 1960களில் கோமாளி என்பவன் யார் என்று தேட ஆரம்பித்தபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக நடுவில் வந்து எங்களைச் சிரிக்கவையுங்கள் என்றார். வந்தார்கள், குட்டிக்கரணம் போட்டார்கள், சிலேடை பேசினார்கள், என்னென்னவோ செய்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, பார்க்கிறவர்களுக்குத் தொண்டை வறண்டுபோகிற அளவுக்கு நிலைமை மோசம். கடைசியில் இது தேறாது என்று கைவிட்டு, முகம் தொங்கிப்போய், வெட்கத்தோடு அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போனபோதுதான் கூட்டம் வெடித்துச் சிரித்ததாம். அவர்கள் செய்து காட்டிய ஆளைப் பார்த்து வந்த சிரிப்பில்லை அது, அந்த ஆளுக்கு அடியில் அம்மணமாக நின்றவனைப் பார்த்து வந்தது. கோமாளியின் சிவப்பு மூக்கை உலகத்திலேயே சின்ன முகமூடி என்பார் லெகோக். அவர் பள்ளியில் எடுத்த எடுப்பில் அதைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். எந்த உணர்ச்சியும் காட்டாத முகமூடியில் தொடங்கி, இரண்டு வருஷப் படிப்பின் கடைசியில்தான் அந்த மூக்கு வரும்.

இதை எதற்கு இழுக்கிறேன் என்றால், உனக்கும் அது நடந்தது, நடந்தது உனக்கே தெரியாது. போன வருஷ நாடகப் பட்டறையில் தனியாக நடித்துக் காட்டச் சொன்னபோது வசனம் மறந்து போனாய், ஞாபகம் இருக்கிறதா? மறந்ததும் நீ செய்தது என்ன தெரியுமா, மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டு, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பணிவாகப் பார்த்தாய், அது அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கும் என்று நம்புகிறவன் மாதிரி. விசிறி ஒன்றும் சொல்லவில்லை. நீ தலையை ஆட்டி அதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாய். அறையே சிரித்தது. நீ மட்டும் அவமானத்தில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். இன்று வரை நான் பார்த்த கதிர்களிலேயே அசல் அந்தக் கதிர்தான். விசிறியிடமே மரியாதையாக நடந்துகொள்கிற, உதவி கேட்கத் தெரியாத, உதவி வராவிட்டாலும் நன்றி சொல்லிவிடுகிற ஒரு பையன். நீ எழுதிய செட்டில் அவன் எங்கேயும் இல்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நம்முடைய "நான்" நமக்குத் தெரிவதற்கு முன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது, நம் சக்திக்கு மிஞ்சிய ஒரு வேலையில் நாம் மூழ்கித் திணறிக்கொண்டிருக்கும்போது அது அசந்து வெளியே வருகிறது, வந்ததைச் சொல்லிக் கொடுப்பது அவர்களுடைய சிரிப்பு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டைத் திறந்து தேடினால் கிடைப்பதில்லை.

தெருக்கூத்தைப் பார், புரியும். நீ பட்டணத்துப் பையன், கூத்தென்றால் பொங்கல் விழாவில் பத்து நிமிஷம் ஆடிவிட்டுப் போவது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோவில் திருவிழா நடக்கும் ஊரில் போய் உட்கார வேண்டும். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி பத்து மணிவாக்கில் கூத்து தொடங்கினால் விடியும்வரை போகும். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கும் முன்பே, செய்யாறு பக்கம் புரிசை ஊரில் பரம்பரையாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பத்தாரின் கூத்தில் மயங்கிப்போனவர், நம் நவீன நாடகத்தின் பெரிய ஊற்று ஒன்று அங்கேதான் இருக்கிறது.

முதலில் வருகிறவன் கட்டியக்காரன், கூத்தின் கோமாளியும் அவன்தான், கதையை நடத்திக்கொண்டு போகிறவனும் அவன்தான். கூம்புக் குல்லா, தொளதொளச் சட்டை, முகத்தில் ஏனோதானோவென்று வைத்த வெள்ளைப் பொட்டுகள். ராஜா வேஷக்காரர் உட்கார்ந்து மணிக்கணக்கில் தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டிருக்கும்போது இவன் வெளியே கூட்டத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருப்பான். அப்புறம் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும், முகவீணை என்கிற சின்னக் குழல் வீறிடும், உள்ளேயிருந்து ராஜா தன்னையே யாரோ மாதிரிப் பாடுவார்: துரியோதன மகாராஜன் வந்தானே என்று. 'வந்தேன்' இல்லை, 'வந்தான்'. கட்டியக்காரன் போய்க் கேட்பான்: யாரய்யா நீங்கள்?

இந்தக் கேள்வியை எத்தனை விதமாகக் கேட்பான் என்கிறாய்! ராஜா தன் குலம் கோத்திரம் நாடு நகரம் எல்லாம் விருத்தமாகப் பாடி முடித்து மூச்சு வாங்கும்போது, "சரி, அது போவட்டும், ரேஷன் கார்டு எந்தக் கடையில?" என்கிற தினுசில் ஒரு கேள்வி விழும். ராஜா முறைப்பார், மறுபடி பாடுவார், மறுபடி இவன் கேட்பான். திருவண்ணாமலையில் ஒருவர் 'நான் யார்' என்று தனக்குள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார், உலகமே அவரைத் தேடி வந்தது. அதே சீமையில் இவன் ராத்திரி முழுக்க 'நீ யார்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறான், இவனுக்குக் கிடைப்பது யாராவது சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுகிற நோட்டும், அதைக் கொடுத்தவர் பேரைச் சபையில் உரக்கச் சொல்லும் வேலையும். (எந்த வழி சுலபம் என்று என்னைக் கேட்காதே.) ராஜா வேஷம் கட்டியவருக்கு ஒரு ராஜாதான். கட்டியக்காரன் காவலாளி, தூதுவன், மந்திரி, வேலைக்காரி, சமயத்தில் மருத்துவச்சி, யார் குறைகிறார்களோ அவர்களாக ஆகிவிடுவான். ஆனாலும் விடிகாலையில் டீக்கடையில் நிற்கும் ஊர்க்காரர்கள் பேசுவது அவனைப் பற்றித்தான். இத்தனை பேராக மாறியும் அவன் அவனாகவே இருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

திரௌபதி வஸ்திராபரணம் ஆடும் ராத்திரி ஒன்று கட்டாயம் பார்க்க வேண்டும். சேலையில் கை வைக்கும் முன் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றுவார்கள். பல்லும் மீசையுமாக அவ்வளவு நேரம் பயமுறுத்திக்கொண்டிருந்தவர் கைகூப்பி, அம்மா தாயே, வேஷம் கட்டியதால் இதைச் செய்கிறேன், பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொள்வார். அந்த வார்த்தையைச் சொல்வது யார்? துச்சாதனன் சொல்ல மாட்டான். பகலில் களத்துமேட்டில் நிற்கும் ஆளுக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. கட்டையும் அரிதாரமும் உடம்பில் ஏறிய பிறகு, வேஷத்துக்கும் ஆளுக்கும் நடுவே விரிகிற இடுக்கில் ஒரு மனுஷன் தெரிகிறான், கைகள் நடுங்குவதை நான் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதே கூத்தில் கட்டியக்காரன் சிரிக்கவைத்துக்கொண்டும் இருப்பான். அது எப்படிச் சரிப்பட்டு வருகிறது என்று எழுத்தில் விளக்க எனக்குத் தெரியவில்லை, போய்ப் பார்.

நகை, அதாவது சிரிப்பு, நான்கு காரணத்தால் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலாவது மட்டும்தான் கிண்டல். மற்ற மூன்றும் சிறுபிள்ளைத்தனம், அறியாமை, எதையும் நம்பிவிடுகிற வெகுளித்தனம். உன் செட்டை எடுத்து எண்ணிப் பார், எல்லாமே எள்ளல். மேனேஜரை, சொந்தக்காரர்களை, உன்னையே கூட எள்ளுகிறாய், புத்திசாலியாக எள்ளுகிறாய், அதனால் யாரும் உன்னைத் தொட முடியவில்லை. விசிறியைப் பார்த்த பையன் இருக்கிறானே, அவன் மடன் கணக்கு.

"அப்போ அப்பாவைப் பத்தியே பேசக் கூடாதா?" என்று கேட்பாய். பேசு, ஆனால் இப்போது எழுதியிருக்கிற மாதிரி வேண்டாம். அதில் ஒரு வரி இருக்கிறது, இரண்டு பஞ்ச் வரிக்கு நடுவில் போட்டுவிட்டு ஓடிவிட்டாய். அப்பா உன்னிடம் போனில் பேசிவிட்டு, கட் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தாமலேயே அம்மாவிடம் திரும்பி, "நல்லாத்தான் இருக்கேங்கறான், குரல்தான் சரியில்ல" என்கிறார். நீ இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டே நிற்கிறாய். அடப்பாவி, அதை வைத்துக்கொண்டா மேனேஜரைக் கிண்டலடித்துக்கொண்டிருக்கிறாய்? மற்றதையெல்லாம் தூக்கி ஓரமாக வை. அப்பாவைப் பற்றி விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு அப்பாவாகவே நில். ஊருக்கே கேட்கிற மாதிரி போனில் கத்துவாரே, அந்தக் குரல், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனைத் தூரமாகப் பிடித்துப் பட்டனைத் தேடுவது, இரண்டையும் உடம்புக்குப் பழக்கு. முதல் சில வாரம் மிமிக்ரி மாதிரித்தான் இருக்கும், பயப்படாதே. அவருடைய தோளை உன் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்க முடியாமல் நீ தடுமாறும்போது என்ன வருகிறதோ அதை வரவிடு, அடைப்புக்குறி மட்டும் போடாதே. கேட்பவர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொள், நீ எதிர்பார்க்காத இடத்தில் சிரித்தால் அடிக்கோடு போட்டு எனக்கு அனுப்பு.

சித்திரையில் செய்யாறு பக்கம் ஒரு ஊரில் பதினெட்டு நாள் விழா வைத்திருக்கிறார்கள், எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரிக் கூத்துக்கு வா, காஞ்சிபுரம் வந்து பஸ் மாறிக்கொள்ளலாம். ஜமுக்காளம் நான் கொண்டு வருகிறேன், நீ கொசுவர்த்தி எடுத்துக்கொள். முன் வரிசையில் உட்கார்ந்து மொபைலில் வீடியோ எடுக்காதே, கட்டியக்காரன் கண்ணில் முதலில் படுவது அப்படிப்பட்ட ஆள்தான். மீறிப் பட்டுவிட்டால் நேராக வந்து யாரப்பா நீ என்று கேட்பார். என்ன பதில் வேண்டுமானாலும் சொல், 'கன்டென்ட் கிரியேட்டர்' என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே, விடியும்வரை உன்னை விடமாட்டார்.

அன்புடன்,
அக்கா